கண்டக்டர் நடை

ஆடியில் காலமான என் வீட்டுக்காரர், அதே வருஷம் கார்த்திகையில் கோபிச்செட்டிபாளையத்தில் இரண்டு ஜீன்ஸ் பேண்ட் வாங்கினார். இடுப்பளவு முப்பது.

செய்தி வந்தபோது நான் ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு நுரை கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அன்புள்ள அர்த்தநாரி, பூங்கொன்றை ஸ்டோர்ஸ் கோபி கிளையில் இரண்டு ஜீன்ஸ் (இடுப்பு 30) வாங்கியமைக்கு நன்றி’ என்று போனில் வந்தது. ரசம் பொங்கி அடுப்பு அணைந்தே போயிற்று.

முதலில் எனக்கு வந்தது பயமும் இல்லை, அழுகையும் இல்லை. முப்பதா என்றுதான் தோன்றியது. அவர் இடுப்பு எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் முப்பதாக இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை. ஜீன்ஸ் போட்டும் பார்த்ததில்லை. வேலைக்குக் காக்கி, வீட்டுக்கு வேட்டி, அவ்வளவுதான் அவருடைய அலமாரி.

நடைக்காசு பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் கார்டு தேய்க்கிற ஊர்களும் இருக்கின்றனவாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஈரோட்டுப் பக்கம் கடையை விட்டு வெளியே வருகிற வழியில் ஒரு சாம்பல் நிறப் பாய் விரித்திருக்கும். வாங்கியதை எடுத்துக்கொண்டு அதன்மேல் நடந்து போனால் போதும். கால் எங்கே அழுந்துகிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, குதிகால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாய் பார்த்துக்கொள்ளும். இது இன்னார் என்று கண்டுபிடித்து பாங்குக்குச் சொல்லிவிடும். பர்ஸ் வேண்டாம், ரகசிய எண் வேண்டாம். செருப்பு மாற்றினாலும், பை கனத்தாலும் ஏமாறாது. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாத ஒன்று நடைதான் என்று விளம்பரத்தில் சொன்னார்கள். திருட முடியாதது என்றும் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் நடையை யாரும் திருட ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். அவர் டவுன் பஸ் கண்டக்டர். காலை அகட்டி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்பு எந்த சீட்டிலாவது சாய்ந்துகொள்ளத் தேடுகிற மாதிரி நடப்பார். தரை எப்போது வேண்டுமானாலும் பிரேக் போடும் என்று எதிர்பார்க்கிற நடை அது. ரிடையர் ஆன பிறகும் எங்கள் வீட்டு ஹாலில் அப்படியேதான் நடந்தார். கல்யாண வீடுகளில் என் தங்கைகள் எல்லாம் ‘மாமா, ஸ்டாப்பிங் வந்துருச்சு, எறங்கிக்குங்க’ என்று கேலி செய்வார்கள்.

கணக்கு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அதனால்தான் செய்தி என் போனுக்கு வந்தது. அன்று மத்தியானமே கிளம்பி அந்த ஸ்டோர்ஸின் ஈரோட்டுப் பெரிய கடைக்குப் போனேன். முதலாளி கைலாசம் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற அவன் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி. மேஜையில் கட்டைவிரல் அளவுக்கு நாலு சாவிகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்றான் கைலாசம். முகம் செத்துப்போயிருந்தது. "உங்களுக்கும் வந்துருச்சுங்களா?"

"எனக்கு வரல. செத்துப்போன உங்க மாமனுக்கு வந்துருக்குது" என்று போனைக் காட்டினேன்.

அந்தப் பெண் போனை வாங்கிப் படித்தாள். "இவிய எப்பங்க தவறிப்போனாங்க?"

"ஆடியில."

அவள் போனைத் திருப்பித் தரவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. நீங்க எனக்கு ரொம்ப வேணும்" என்றாள். பெயர் மெஹருன்னிசா. கோயமுத்தூர். கடைகளின் கம்ப்யூட்டரில் திருட்டுப் போனால் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கிற வேலை.

நாலு சாவியும் எதற்கென்று சொன்னாள். வாடிக்கையாளர்களின் நடையெல்லாம் ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும். நாலையும் ஒன்றாகப் போட்டால்தான் பெட்டி திறக்கும். அதனால் ஒன்று கைலாசத்திடம், ஒன்று அவன் தம்பியிடம், ஒன்று மேனேஜரிடம், ஒன்று ஆடிட்டரிடம். நாலும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது என்பது சட்டம்.

"மறுபடியும் கேக்கறேன் சார். நாலும் எப்பவாச்சும் ஒண்ணா இருந்துச்சுங்களா?"

"சாமி சத்தியமா இல்லீங் மேடம். எஞ்சாவி எங்கழுத்துலயேதான் கெடக்கும். குளிக்கறப்பக்கூட கழட்டறதில்லீங்."

அவள் முக்காட்டிலிருந்து ஒரு ஊக்கை எடுத்தாள். சாவியின் இடுக்கில் விட்டு நோண்டினாள். வெள்ளைத்தாளில் மஞ்சளாகப் பொடி விழுந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"இதென்னுங்க சார்?"

"சந்தனமுங்க."

"மத்த மூணுலயும் இருக்குது. ஒண்ணுல குங்குமமும் இருக்குது."

கைலாசம் என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்தான்.

"ஆயுத பூஜைங்க" என்றான் மெதுவாக.

"வெச்சீங்களா?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்தத்தானுங்களே வெக்கோணும். கத்தரிக்கோலு, அளவுகோலு, பில்லு மிஷினு எல்லாம் வெச்சோமுங்க. கடைக்கே உசுரு அந்தச் சாவிதான், அத வெக்காம உட்டா நல்லாருக்குமுங்களா? ஆடிட்டர்கூட அவராவே கொண்டாந்து குடுத்தாருங்க."

"எதுல வெச்சீங்க?"

"வெள்ளித் தட்டுலதானுங்க."

"எப்ப எடுத்தீங்க?"

"பூஜையில வெச்சா மறுநாள் வரைக்கும் தொடப்படாதுங்களே. விஜயதசமி காத்தால மறுபூஜை பண்ணித்தான் எடுத்தோமுங்க."

மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "சரிங்க. கேமரா இருக்குதுல்ல? அன்னிக்கு எடுத்ததப் போடுங்க."

கைலாசம் அசையவில்லை. அந்தப் பூஜையில் பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றவள் நான். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கேமராவும் ஆயுதந்தானுங்களே மேடம்" என்றான். "அதுக்கும் பொட்டு வெச்சுட்டோமுங்க."

"எங்க?"

"அதுக்கு நெத்தின்னு தனியா ஏதுங்க. கண்ணாடி மேலதான்."

போட்டுக் காட்டினார்கள். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு கட்டத்தில் அந்தச் சிவப்பு சற்று கறுத்து, பிறகு வெளுத்தது. அதுதான் திருடன். வாழைக்கன்று கட்ட வந்தவனோ, சீரியல் லைட் போட வந்தவனோ, போலீஸ் இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

"நடையத் திருடி என்ன கண்ணு பண்ணுவாங்க?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் பிடிபடவில்லை. "அத வெச்சு எப்படி நடப்பாங்க?"

"ஷூவுல ஏத்துவாங்கம்மா. அடியில சின்னச் சின்ன மோட்டார் இருக்கும். போட்டுட்டு நின்னா அதுவே கால அப்படி இப்படித் தள்ளி, உங்கள மாதிரி நடக்க வெச்சிரும். பாய்க்கு வித்தியாசம் தெரியாது." அவள் சாவிகளைத் தனித்தனி உறையில் போட்டாள். "முன்னெல்லாம் கார்டு திருட்டுப் போனா என்ன பண்ணுவோம்? போன் பண்ணி அத ரத்து பண்ணிட்டு வேற கார்டு வாங்கிக்குவோம். நடைய ரத்து பண்ணுனா வேற நடைக்கு எங்கம்மா போறது?"

"அப்ப என்ன பண்றாங்க?"

"மொதல்ல பாங்கு திருட்டுன்னே ஒத்துக்கல. அதுதான் பிரச்சினை. நேத்து ஒரு நர்ஸம்மா இங்க நின்னு அழுதாங்க. அந்நேரத்துக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட்டுட்டு இருந்தேன்னாங்க. பாங்கு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ‘உங்க காலு கடையில இருந்துச்சு. நீங்க எங்க இருந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியாது’ன்னுச்சு. அவங்க கணக்கத் தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டானுங்க. அந்த மாதிரி ஊரெல்லாம் இருக்காங்க. உசுரோட இருக்கறவங்க யாராலயும் ‘நான் அங்க நடக்கல’ன்னு நிரூபிக்க முடியல."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு மெல்லப் புரிந்தது.

"எங்க வீட்டுக்காரரால முடியும்" என்றேன்.

"அவரால மட்டுந்தாம்மா முடியும்."

இறப்புச் சான்றிதழை மட்டும் காட்டினால் போதாதாம். பாய் ஏதோ தப்பாகப் படித்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்களாம். அந்த ஷூவோடு ஆளைப் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே, அந்த நடையைத் தினம் பார்த்துப் பழகின ஒருவர் ‘நடை அவருடையது, ஆள் அவரில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் நடையைத் திருட முடியும் என்பதை பாங்கு ஒத்துக்கொள்ளும். நர்ஸம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் போனது திரும்பி வரும்.

"கையெழுத்துப் போட்டதும் சட்டப்படி அந்த நடைய எல்லா எடத்துலயும் அழிச்சிருவோம். ஷூவுல இருக்கறதையும் சேர்த்து."

"அழிக்கறதுன்னா?"

"இல்லாமப் போயிருமுங்க."

அவர் நடை எங்கேயோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இருக்கிறது என்று தெரிந்த அதே மூச்சில் இல்லாமல் போகும் என்கிறாள். ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். திரையைத் திருப்பினாள். கோலம் போடுவதற்கு முன்னால் வைக்கிற புள்ளிகள் மாதிரி வரிசை வரிசையாக இருந்தது.

"இதுல அவர் எங்க கண்ணு?"

"இதுதாம்மா அவரு."

எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு அது புள்ளியாகத்தான் இருந்தது.

ஜீன்ஸ் வாங்கினவன் இடுப்பு சரியில்லை, வெள்ளிக்கிழமை மாற்ற வருவதாகக் கடையில் சொல்லியிருந்தான். இவ்வளவு பெரிய வேலை செய்கிறவன் அந்த அளவை ஒழுங்காகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை காலையில் மெஹருன்னிசா என்னைக் கோபிக்குக் கூட்டிப்போனாள். மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் துண்டு வாங்குகிற மாதிரி நின்றார்கள். ஒரே துண்டை அவர்கள் திரும்பத் திரும்ப விரித்துப் பார்த்ததில் சேல்ஸ் பெண் சலித்துப்போய்விட்டாள். எனக்கு ஒரு ஸ்டூல். அவன் பாயில் கால் வைக்கும்போது நான் கையைத் தூக்க வேண்டும்.

பத்தரை மணி வாக்கில் எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்காமலே எழுந்துவிட்டேன். அவர் ட்யூட்டி முடிந்து வந்தால் எழுந்து போய்க் காபி வைக்கிற பழக்கம், கால் தானாக எழுந்துகொண்டது. பிறகுதான் திரும்பினேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பையன். ஒல்லி. தாடி. கையில் பை. இடுப்புக்குக் கீழே என் வீட்டுக்காரர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

கால் அகட்டல் அதேதான். அந்த முழங்கால் தளர்வு. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே வரும்போது இடுப்பு லேசாக இடதுபக்கம் போய், சாய சீட் இல்லாததால் திரும்பி வந்தது. அதைக்கூட எடுத்திருக்கிறார்கள். புள்ளியாக இருந்தபோது தெரியாதது எல்லாம் இப்போது தெரிந்தது.

அவன் பேண்ட்டை வேறு அளவுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, இன்னொரு சட்டையும் எடுத்துக்கொண்டு பாயை நோக்கித் திரும்பினான். மெஹருன்னிசா என் கையைப் பார்த்தாள். எனக்குக் கை வரவில்லை.

"கண்ணு" என்று கூப்பிட்டேன். "அந்த மேல இருக்கற போர்வைய எடுத்துக் குடேன்."

"எதுங்க ஆத்தா?" நல்ல பையன் மாதிரிதான் திரும்பி வந்தான்.

"அந்தக் கடைசியில, பச்சை."

நடந்து போய் எடுத்து வந்தான். பச்சை வேண்டாம், ஊதா என்றேன். மறுபடி போனான். ஊதாவில் சின்னதாக இருக்கிறதா என்றேன். போலீஸ்காரர்களில் ஒருவர் துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். மெஹருன்னிசா மட்டும் அசையவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

"போதுமுங்களா ஆத்தா? இந்த ஷூ காலக் கடிக்குது" என்றான்.

"போதும் கண்ணு. போ."

அவன் பாயில் ஏறினான். ‘வணக்கம் அர்த்தநாரி’ என்றது பாய். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு அந்த நர்ஸம்மா ஞாபகம் வந்தாள். பார்த்ததுகூட இல்லை அவளை. இவர் இருந்திருந்தால், டிக்கெட் எடுத்தவளை நடுவழியில் இறக்கிவிடச் சொன்னால் விடுவாரா என்று நினைத்துக்கொண்டேன். கையைத் தூக்கிவிட்டேன்.

ஓடப் பார்த்தான். முடியவில்லை, ஷூ அவனை ஓடவிடவில்லை. என் வீட்டுக்காரர் எந்தக் காலத்திலும் ஓடினவர் இல்லை.

உள்ளே மேனேஜர் அறையில் உட்கார வைத்தார்கள். பெயர் கிஷோர். யாரிடமோ போனில் பேசி வாங்கினானாம், ஆள் யாரென்று தெரியாதாம்.

"இது யாரு நடைன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க ஆத்தா. நாலஞ்சு நடை அனுப்புனாங்க. மத்ததப் போட்டா எல்லாம் தடுக்கித் தடுக்கி உழுந்தேன். இது ஒண்ணுதான் உழவே உடாது. சத்தியமங்கலத்துல இருந்து பஸ்ஸுல கம்பியப் புடிக்காம நின்னுட்டே வந்தேன், அசையல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. அவன் பயந்துபோய், "உங்க ஒறம்பரைங்களா?" என்றான்.

"எங்க வீட்டுக்காரர்."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் எழுத வேண்டிய தாளைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒருக்கா நடந்து காட்டட்டுங்களா?" என்று கேட்டான்.

"வேண்டாம். கழட்டு."

கழற்றி வைத்தான். கறுப்பு ஷூ, சாதாரணமாகத்தான் இருந்தது. நான் எழுதினேன்: நடை அவருடையது, ஆள் அவரில்லை. கீழே, சம்பூர்ணம் என்று கையெழுத்துப் போட்டேன். மெஹருன்னிசா ஷூவில் ஒரு ஒயரைச் சொருகினாள். அது மேஜைமேல் ஒருமுறை துடித்தது. பிறகு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாங்கு ஒத்துக்கொண்டது. போனவர்களுக்குப் போனது திரும்பி வந்தது. பூங்கொன்றை ஸ்டோர்ஸில் பதிந்திருந்த அத்தனை பேருடைய நடையும் ரத்து. வேறு நடை பழகிக்கொண்டு வந்து புதிதாகப் பதியச் சொன்னார்கள். தெருவுக்குத் தெரு நடைப் பள்ளி வந்தது. செருப்புக்குள் மணல் பை வைத்து, இடுப்பில் பட்டை கட்டி ஈரோடே தத்தித் தத்தி நடந்தது. கைலாசம் புது நடையோடு வீட்டுக்குப் போனபோது, யாரோ மாடியேறி வருகிறார்கள் என்று அவன் பெண்டாட்டி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாளாம். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நாலு சாவிக்கும் நாலு வீட்டில் தனித்தனியாகப் பூஜை நடந்தது. கேமராவுக்குக் கழுத்தில் மட்டும் சந்தனம்.

நானும் நடைப் பள்ளிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த பெண், "ஆத்தா, யோசிக்காதீங்க. இதுவரைக்கும் நடந்த மாதிரி மட்டும் நடக்காதீங்க, மத்தத ஒடம்பே பாத்துக்கும்" என்றாள். எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பொறாமைப்பட்டார்கள்.

பதிவு செய்கிற அன்றைக்கு மெஹருன்னிசாவும் கடையில் இருந்தாள். பாயில் நடந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ‘இந்த நடை ரத்து செய்யப்பட்டது’ என்றது பாய்.

"பழைய மாதிரி நடந்துட்டேனா?"

"இல்லம்மா, உங்க பழைய நடை இல்ல இது." அவள் திரையைப் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "இருங்க. இன்னொருக்கா நடங்க."

நடந்தேன். மறுபடியும் சிவப்பு.

"நீதான் எல்லாத்தையும் அழிச்சியே கண்ணு. அப்புறம் எப்படி இதுக்குத் தெரியுது?"

"அழிச்சாச்சும்மா. ஆனா யாரும் திரும்பக் கொண்டாந்துரக் கூடாதுன்னு ஒரு அடையாளம் மட்டும் வெச்சிருப்போம். அதுல இருந்து நடையத் திருப்பி உண்டாக்க முடியாது. அதே நடை நேர்ல வந்தா ‘கூடாது’ன்னு மட்டும் சொல்லத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது." அவள் குரல் தணிந்தது. "இப்ப அது கூடாதுங்குது அர்த்தநாரி சாரை."

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அகட்டித்தான் வைத்திருந்தேன். கடைசி மாதங்களில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஹாலில் நடப்பார். அவர் சாயும் பக்கம் நானும் சாய்ந்தால்தான் இரண்டு பேரும் விழாமல் இருப்போம். என் நடையை விட்டுவிடச் சொன்னதும், உடம்புக்குத் தெரிந்த இன்னொரு நடை அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"பரவால்லம்மா, கொஞ்ச நாள் ஆனா மாத்திக்கலாம்" என்றாள் மெஹருன்னிசா. "பள்ளிக்கூடத்துல சொல்லி வேற சொல்லித்தரச் சொல்றேன். நடைக்காசு இல்லாம எப்படிங்க கடைகண்ணிக்குப் போவீங்க?"

"சில்லறை குடுத்தா வாங்கிக்க மாட்டாங்களா?"

"வாங்கிக்குவாங்க. வரிசையில நிக்கோணும்."

"நிக்கறேன்."

அவள் என்னுடைய பதிவை மூடிவிட்டாள். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வந்து டவுன் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். காளைமாட்டுச் சிலை திருப்பத்தில் டிரைவர் வெடுக்கென்று ஒடித்துத் திருப்பினார். முன்னால் இருந்த பெண்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "ஆத்தா, கம்பியப் புடிங்க" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

நான் பிடிக்கவில்லை. என் இடுப்பு தானாக இடதுபக்கம் போய் ஒரு சீட்டில் சாய்ந்துகொண்டது.